கிள்ளான் பள்ளத்தாக்கின் ஸ்டேக் உணவகங்களில் தமிழ் விருந்தினர்

பிரிக்பீல்ட்சின் வாழையிலை உணவுக்குப் பழகிய தமிழர்கள், பதவி உயர்வு, பணி ஓய்வு போன்ற அலுவலக விருந்துகளின் பொருட்டுத் தாமன்சாரா, பெட்டாலிங் ஜெயா முதலிய புறநகர்ப் பகுதிகளின் ஸ்டேக் உணவகங்களுக்குச் செல்வது இன்று இயல்பாகிவிட்டது. அங்கே அவர்களுக்கு இடர் தருவன கத்தியும் முள்கரண்டியும் அல்ல; அவை அரைமணி நேரத்தில் கைவந்துவிடும். இடர் தருவது, விருந்தினர் கண்ணில் படாத அடுப்பு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘ஸ்டேக்’ என்னும் ஆங்கிலச் சொல் பழைய நோர்ஸ் மொழிவழி வந்தது. கோலில் கோத்துச் சுடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு அளித்த விருந்திலும் காழ் எனப்படும் இரும்புக் கோலில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன் இடம்பெறுகிறது. இரவும் பகலும் அதனைத் தின்று தன் பற்கள் மழுங்கிவிட்டதாகப் பொருநன் கூறுகின்றான். அகநானூற்றின் 129ஆம் பாடலோ ஆவின் இறைச்சி உண்ட மழவரைக் குறிப்பிடுகிறது. எனவே, நெருப்பில் சுட்ட ஊன் தமிழர்க்கு அயலானது என்பது பொருந்தாது. தமிழ் முஸ்லிம்களும் கிறித்தவர் பலரும் இன்றும் மாட்டிறைச்சி உண்கின்றனர். ஆயினும், சமய நம்பிக்கையால் அதனை விலக்கும் ஒருவரிடம் சங்கப் பாடலைக் காட்டி வாதிடுவது விருந்தோம்பல் ஆகாது. இரண்டும் உண்மை என்ற அளவில் மேலே செல்லலாம்.

கோலாலம்பூரில் இவ்வுணவின் வரலாற்றைப் பேசுவோர் பத்து சாலையில், அதாவது இன்றைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில், 1921இல் தொடங்கப்பட்ட கொலிசியம் உணவகத்தைத் தவிர்க்க இயலாது. தோட்டத் துரைமார் கூடிய இடம் அது. லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் அதன் மேசைகளில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், அதே பெயர் கொண்ட பக்கத்துத் திரையரங்கில் பிற்காலத்தில் தமிழ்ப் படங்கள் ஓடின. துரைமார் உணவைச் சமைத்தவர்கள் ஹைனானியச் சீனர்கள். சீனக் குழுக்களுள் சற்றுப் பிந்தி மலாயாவுக்கு வந்தவர்கள் இவர்கள். பிற தொழில்களில் முன்வந்தோர் நிலைபெற்றுவிட்டமையால், ஐரோப்பியர் இல்லங்களில் சமையற் பணியை ஏற்றனர். சூடேறிய இரும்புத் தட்டில் இறைச்சியை வைத்து, மேசையருகே குழம்பூற்றிச் சீறச்செய்து பரிமாறும் முறை கொலிசியத்தின் அடையாளமாயிற்று. நம்மவர் அஞ்சாமல் கேட்டு வாங்கும் ‘சிக்கன் சாப்’ என்பதும் ஹைனானியர் கைவண்ணமே.

ஸ்டேக்கின் சமையல்முறை நம் கறிச் சமையலுக்கு நேர்மாறானது. ஆட்டுக்கால், தொடை போன்ற மிகுதியாக உழைத்த தசைகளில் இணைப்புத்திசு மிகுதி; அது கரைந்து மென்மையாக நெடுநேரம் கொதிக்க வேண்டும். ஸ்டேக்குக்கோ முதுகை ஒட்டிய, அதிகம் உழைக்காத தசையை வெட்டுகின்றனர். அதற்குச் சில நிமிடச் சூடு போதும். உள்வெப்பம் ஏறத்தாழ 55 பாகை செல்சியசில் இளஞ்சிவப்பாகவும், 60இல் நடுத்தர வேக்காடாகவும், 70ஐத் தாண்டினால் முழுதும் வெந்து சாறு வற்றியும் இருக்கும். தட்டில் கசியும் செந்நீரைக் குருதி எனக் கருதிப் பலர் முகம் சுளிக்கின்றனர். அது மயோகுளோபின் என்னும் தசைப்புரதம் கலந்த நீரே. மேற்புறத்தின் பழுப்பு நிறமும் மணமும், 1912இல் பிரெஞ்சு அறிஞர் மெயிலார்ட் விளக்கிய வேதிவினையால் விளைவன. புரதக் கூறுகளும் சர்க்கரையும் உயர்வெப்பத்தில் வினைபுரிவதால் உண்டாகும் இம்மணம், நாம் வெங்காயத்தோடு இறைச்சியை எண்ணெயில் சுருள வதக்கும்போது எழுவதற்கு உறவினது.

இடையே ஒரு செய்தி. மலேசியச் சந்தையில் அன்றாடச் சமையலுக்கு மாட்டிறைச்சி எனும் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து உறைநிலையில் வரும் எருமை இறைச்சி. உயர்தர உணவகங்களின் ஸ்டேக்கோ ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருவது.

இனி அடுப்புக்கு வருவோம். பெரும்பாலான உணவகங்களில் மாடு, ஆடு, கோழி, மீன் யாவும் ஒரே கம்பியடுப்பில் சுடப்படுகின்றன. கம்பிகளில் படிந்த மாட்டுக்கொழுப்பு அடுத்து வைக்கும் ஆட்டிறைச்சியிலும் ஒட்டும். ஹலால் சான்றிதழ் இதற்கு விடையாகாது. அது பன்றியிறைச்சி, மது, அறுக்கும் முறை ஆகியவற்றைக் கருதுவது; மாட்டிறைச்சியைப் பிரித்துவைக்கச் சொல்வதில்லை. கோழியின் மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு மாட்டெலும்புச் சாற்றில் செய்யப்பட்டிருக்கலாம். உருளைக்கிழங்கு வறுவல் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கப்பட்டிருக்கலாம். காளான் சூப்புங்கூட ஐயத்திற்குரியதே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நாங்கள் அளித்த விருந்தில் இது நேர்ந்தது. அவர் ஆட்டிறைச்சி கேட்டார். பாதி உண்ட பின்னரே ஒரே அடுப்பில் சுட்டது என அறிந்தார். தட்டை ஒதுக்கிவிட்டுப் புன்னகையோடு அமர்ந்திருந்தார். முன்பே ஏன் கேட்கவில்லை என்றேன். “விருந்து வச்சவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன் சார்,” என்றார். குற்றம் அவருடையதன்று, இடத்தைத் தெரிவு செய்த எங்களுடையது. அலுவலகச் செலவில், பல இனத்தவர் நடுவே, மேசையில் அமர்ந்தபின் ஒருவர் இதனைக் கேட்பது எளிதன்று. மேசையை முன்பதிவு செய்பவரே தொலைபேசியில் கேட்டுவிடுதல் வேண்டும். தனிச் சட்டியில் சமைத்துத் தர இயலுமா, குழம்பு எதில் செய்யப்படுகிறது என்னும் இரு வினாக்கள் போதும். முன்னறிவிப்பு இருப்பின் உணவகங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கூட்ட நேரத்தில் கேட்டால்தான் தடுமாறுகின்றன.

மறு ஆண்டு அவ்வாசிரியை தம் மகளின் பட்டமளிப்பை ஒட்டி எங்களை வேறோர் உணவகத்திற்கு அழைத்தார். முதல்நாளே பேசி வைத்திருந்தார். அவருக்கான ஆட்டிறைச்சி தனிச் சட்டியில் சமைக்கப்பட்டு, குழம்பின்றிப் புதினாச் சாற்றோடு வந்தது. நடுத்தர வேக்காடு கேட்டிருந்தார். சற்றுக் கூடுதலாக வெந்துவிட்டது என்பது மட்டுமே அன்று அவருக்கிருந்த குறை.