அயல்வீட்டு வெளிச்சம்

பேராதனையைத் தாண்டிக் கம்பளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே உள்ளது கெலிஓயா. மகாவலி அண்மையில் ஓடுகிறது. புகையிரதமும் நின்று போகிறது. கடைத்தெருவை விட்டு மேடேறினால் மிளகுக் கொடியும் கராம்பு மரமும் சூழ்ந்த சிற்றூர்கள். அவ்வூர்களிலே ஒரு வீட்டில் என்ன வாங்கினார்கள் என்பதை அயலவர் அறிய அரைநாள் போதும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979இல் தொலைக்காட்சி இந்நாட்டிற்கு வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிற்று. ஊருக்கு ஒரு பெட்டி இருந்த நாட்களை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். பெட்டி இருந்த வீட்டின் முற்றத்திலும் சாளரத்தோரத்திலும் ஊரே கூடும். வீட்டுக்காரருக்குப் பெருமை, மற்றவர்க்குச் சிறு ஏக்கம், ஆயினும் எல்லோர்க்கும் ஒரே சிரிப்பு. பின்னர் வீட்டிற்கொரு பெட்டி வந்தது. ஏக்கம் தீர்ந்தது, கூட்டமும் கலைந்தது. இவ்விரண்டில் எது இலாபம், எது நட்டம் என்று கணக்கெழுத என்னால் இயலவில்லை.

பொருளியலாளர் கணக்கெழுதிப் பார்த்தனர். ஒரு நாட்டினுள்ளே செல்வர் வறியவரிலும் மகிழ்ச்சியாய் இருப்பினும், நாட்டின் வருமானம் முழுதும் உயர்ந்தபோது மகிழ்ச்சி அதற்கீடாக உயரவில்லை என்று 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் எழுதினார். அதனை மறுப்போரும் உளர். நமக்கு இன்னும் நெருக்கமானது 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜோன் நைட், லீனா சொங் என்பவர்களோடு நம் நாட்டவரான ரமணி குணதிலக்கவும் சேர்ந்து சீனக் கிராமங்களை ஆராய்ந்தார். அங்குள்ளோரிற் பெரும்பாலார் தம்மை ஒப்பிட்டது நகரத்துச் செல்வரோடன்று, தம் ஊராரோடுதான். எட்டாத மாளிகை எவர் உறக்கத்தையும் கெடுப்பதில்லை. வேலிக்கு அப்பால் எழும் மாடியே கெடுக்கிறது.

அந்த மாடி எவ்வாறு எழுகிறது? மத்திய கிழக்கிலே பிறர் வீட்டில் உழைக்கும் ஒரு தாயின் பணத்தால் எழுந்தவை எத்தனையோ! அதைக் கண்டு அடுத்த வீட்டுத் தாயும் புறப்படுகிறாள். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. சுவருக்குச் சாந்து பூசி முடிவதற்குள் அப்பிள்ளை தாயின் முகத்தைக் கைத்தொலைபேசியிலே காணப் பழகிவிடுகிறது. அவள் பொறாமையாற் போனாள் என்று சொல்வது கொடுமை. அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர்; எனினும் எல்லா ஒப்பீடும் அழுக்காறு ஆகிவிடாது.

ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. அதுவரை ஆடம்பரம் என்று கருதப்பட்ட பொருள் ஒரே வாரத்தில் பாடநூலாயிற்று. அது இல்லாத வீட்டுப் பிள்ளை அயல்வீட்டுப் பிள்ளையோடு தன்னை ஒப்பிட்டு நொந்தால், ஆசையடக்கம் போதிக்க எவருக்கு உரிமை உண்டு? நாளாந்தக் கூலியாளும் துணிச்சட்டை இன்றி வெளியே வர நாணுவான் என்று 1776இலேயே அடம் ஸ்மித் எழுதினார். எது அவசியம் என்பதை வயிறு மட்டும் தீர்மானிப்பதில்லை, ஊரும் தீர்மானிக்கிறது.

தவணைக் கடன்காரர் இதனைக் கற்றுத் தேர்ந்தவர் போலும். “அடுத்த வீட்டிலும் எடுத்திருக்கிறார்கள்” என்ற ஒரு வாக்கியமே அவர்தம் வியாபாரத்தின் மூலதனம்.

அதே அயல் மற்றொன்றும் செய்கிறது. இப்பகுதிப் பெண்களிடையே சீட்டுப் பிடித்தல் வழக்கம். மாதந்தோறும் எல்லோரும் பணம் போட, முறைப்படி ஒருத்தி மொத்தத்தையும் பெறுவாள். தையல் இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்க அந்நாளையே அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். இதற்கிடையில் வேறொருத்தியின் கணவர் ஆஸ்பத்திரியிற் படுத்துவிட்டார் என்ற செய்தி வரும். யார் வீட்டில் என்ன இல்லை என்பதை அறிந்த ஊரல்லவா! “அவளுக்குக் கொடுங்கள் அக்கா, என் முறையை அவளோடு மாற்றிக்கொள்கிறேன்” என்பாள் சீட்டுக்குரியவள். அந்த வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வரச் சில மாதம் பிந்தும்.