தோள் தப்பியது, காது தப்புமா?
துப்பாக்கி முனையில் பொருத்தப்படும் மசில் பிரேக் பற்றி ஒரு விளக்கம்

தேசிய தின அணிவகுப்பில் பீரங்கிகள் ஊர்ந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட குழலின் நுனியில், பக்கவாட்டில் திறப்புகளுடன் தடித்த இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கக்கூடும். உண்மையில் அதற்கு முக்கியமான வேலை உண்டு. அதன் பெயர் மசில் பிரேக். குழல் முனையில் அமர்ந்து, சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பைக் குறைக்கும் கருவி அது.

அதே கருவி சிறிய உருவில் வேட்டைத் துப்பாக்கிகளிலும் உண்டு. நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது என்பதால் நம்மில் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். எனினும், ஒரு தொல்லையைத் தீர்க்க வந்த கருவி வேறொரு தொல்லையை எப்படிக் கொண்டு வருகிறது என்பதை இதில் தெளிவாகக் காணலாம்.

பின்னுதைப்பு ஏன் வருகிறது?

படகிலிருந்து கரைக்குத் தாவுகிறோம். நாம் முன்னே போக, படகு பின்னே நகர்கிறது. துப்பாக்கியிலும் இதுதான் நடக்கிறது. குண்டு முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே வந்து தோளில் இடிக்கிறது.

ஆனால் முன்னே பாய்வது குண்டு மட்டுமல்ல. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவும் குண்டைத் தொடர்ந்து, அதைவிட வேகமாகச் சீறி வெளியேறுகிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தும் '.30-06' ரகத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு சுமார் 12 கிராம், வெடிமருந்து சுமார் 3.5 கிராம். எடை குறைவாக இருந்தாலும், மொத்த உதைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வாயுவால் வருவது.

குண்டின் பங்கை யாராலும் குறைக்க முடியாது. வாயுவின் பங்கில்தான் கை வைக்க முடியும். மசில் பிரேக்கில் உள்ள துளைகள் வாயுவைப் பக்கவாட்டிலும், சில வகைகளில் சற்றுப் பின்புறமாகவும் திருப்பி விடுகின்றன. திரும்பும் வாயு கருவியின் சுவரில் மோதி அதை முன்னோக்கி இழுக்கிறது. தோளில் விழும் இடி குறைகிறது. இடிக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பயம் போனாலே குறி நேராகும்.

குழலுக்குச் சுருதி கூட்டும் கருவி

குறி தவறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுடும் கணத்தில் இரும்புக் குழல் தூண்டில் கம்பைப் போல அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அசைவுதான். குண்டு குழலுக்குள் இருப்பதும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், அல்லது சற்றுக் கூடுதல். ஆனால் குழல் முனை வேகமாக அசையும் தருணத்தில் குண்டு வெளியேறினால், ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு இடத்தில் போய் விழும். முனை மேலேயோ கீழேயோ போய்த் திரும்புவதற்காக ஒரு கணம் நிற்கும். அப்போது வெளியேறினால் குண்டுகள் நெருக்கமாக விழும் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

மிருதங்க வித்துவான்கள் இடது பக்கத்தில் ரவையைக் குழைத்து ஒட்டுவதைப் பார்த்திருப்போம். அந்தச் சிறு எடை தோலின் அதிர்வை மாற்றி, நாதத்தைக் கீழே இறக்குகிறது. குழலின் நுனியிலும் ஓர் எடையை வைத்து, அதை முன்னும் பின்னும் நகர்த்தினால் அதிர்வு மாறும் அல்லவா?

அமெரிக்காவின் பிரௌனிங் நிறுவனம் 1994-இல் விற்பனைக்குக் கொண்டு வந்த 'பாஸ்' என்னும் கருவி இதைத்தான் செய்தது. அதைக் கண்டுபிடித்தவர் கிளைட் ரோஸ். மசில் பிரேக்கையும் நகர்த்தக்கூடிய எடையையும் அவர் ஒரே உருளையில் சேர்த்தார். உருளையைத் திருகினால் அது முன்னே வரும் அல்லது பின்னே போகும். எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்ட அதன் மேல் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சரியான இடம் கிடைத்ததும் பூட்டி விடலாம்.

அதற்கு முன்பு, துல்லியம் வேண்டுவோர் வீட்டிலேயே வெடிமருந்தை அளந்து தங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தயாரித்தனர். இந்தக் கருவி அதைத் தலைகீழாக்கியது. கடையில் வாங்கும் தோட்டாவுக்கு ஏற்பத் துப்பாக்கியையே மாற்றிக்கொள்ளலாம் என்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஓர் எண்ணில் வைத்து மூன்று முறை சுட்டு, மூன்றும் நெருக்கமாக விழுந்துவிட்டால் 'இதுதான் சரியான இடம்' என்று முடிவு செய்வது தவறு. மூன்று குண்டுகள் தற்செயலாகவும் நெருங்கி விழலாம். ஒவ்வொரு நிலையிலும் பல முறை சுட்டு ஒப்பிட்ட பிறகே பலன் உண்டா என்று சொல்ல முடியும்.

யாருடைய காது?

உதைப்பைத் தோளிலிருந்து விலக்கிய வாயு எங்கே போகிறது? பக்கவாட்டில்தான். அதனுடன் வெடிச் சத்தமும் பக்கவாட்டில் திரும்புகிறது. சுடுபவரைவிட, பக்கத்தில் நிற்பவரை அது அதிகம் தாக்கக்கூடும்.

திடீர் வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பாதுகாப்பு வரம்பு. மசில் பிரேக் இல்லாத வேட்டைத் துப்பாக்கியே 150 டெசிபலைத் தாண்டும். மசில் பிரேக் அதன் மேல் இன்னும் பல டெசிபல்களைச் சேர்க்கிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தோள் வலி இரண்டு நாளில் ஆறும். போன செவி திரும்பாது.

இதனால்தான், மசில் பிரேக் பொருத்திய துப்பாக்கியுடன் வருபவரை அழைத்துச் செல்ல அமெரிக்காவில் வேட்டை வழிகாட்டிகள் சிலர் மறுக்கின்றனர். வழிகாட்டி நிற்பது அந்தத் துப்பாக்கியின் அருகில். ஒலிம்பிக் போட்டிகளுக்கான சர்வதேச விதிகளும் ரைபிள்களில் மசில் பிரேக்கை அனுமதிப்பதில்லை.

பிரௌனிங் நிறுவனமும் துளைகளே இல்லாத மற்றொரு வகையை வெளியிட்டது. எடையை நகர்த்தும் வசதி அதிலும் இருந்தது, உதைப்பைக் குறைக்கும் வசதி மட்டும் இல்லை. ஒரே உருளையில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை இது காட்டுகிறது. அதிர்வைச் சரி செய்வது எடை. அது சத்தத்தைக் கூட்டுவதில்லை. உதைப்பைக் குறைப்பது துளைகள். அதற்கான விலையைக் காது கொடுக்கிறது.

ஆகவே, துளையுள்ள கருவியைப் பயன்படுத்துவோர் தம் காதுகளை மட்டும் மூடிக்கொண்டால் போதாது. காதுக்குள் ஓர் அடைப்பான், அதன் மேல் ஒரு காதுறை என்ற இரட்டைப் பாதுகாப்பு, அருகில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். விசையை இழுக்கும் முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும் குறி பார்ப்பதைப் போலவே முக்கியம்.