நாவின் நோன்பு

பங்குத்தந்தை வீடு சந்திக்க வரும்போது தேநீர் கொடாமல் அனுப்பும் இல்லம் உத்தனப்பள்ளிப் பகுதியில் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. ஒரு மாலையில் எட்டு வீடுகள் என்றால் எட்டுக் குவளைகள். குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. தேக்கரண்டிக்கு 4 கிராம். ஆக, இருட்டுமுன்னே 64 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. தனியே சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் இருத்தல் வேண்டும், 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நன்று என்பது 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையின் சாரம். வெல்லமும் தேனும் பழச்சாறும்கூட இக்கணக்கில் அடங்கும். முழுப் பழம் அடங்காது. 'ஒப்பட்டில் வெல்லந்தானே சாமி' என்று கூறும் தாய்மார்கள் இதைக் கவனிக்க.

சென்ற ஆண்டு மருத்துவர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, 'எல்லையில் நிற்கிறீர்கள்' என்றார். கர்நாடக எல்லையில் வாழும் நமக்கு அது புதிதன்று எனச் சிரித்து மழுப்பினேன். எனினும் தவக்காலம் அண்மித்திருந்தது. ஒருசந்தியும் சுத்தபோசனமும் நமக்குப் பழகியவை. அவற்றோடு சர்க்கரையையும் விட்டுவிடத் துணிந்தேன்.

முதற் பத்து நாட்கள் நான் எண்ணியதைவிடக் கடுமையாயிருந்தன. பசியன்று, மாலை நான்கு மணியானதும் எழும் ஓர் ஏக்கம். பாலைவனத்தில் தேன் பணியாரம் போல் இனித்த மன்னாவை உண்டிருந்தும், எகிப்தின் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி அழுத இஸ்ராயேலரை மறையுரைகளில் எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். ஏக்கம் சுவையை மட்டும் நாடுவதன்று, பழகியதை நாடுவது என்பது அந்நாட்களில்தான் எனக்கு விளங்கிற்று. பிஸ்கட் இருந்த டப்பாவில் சமையற்காரம்மா வறுத்த நிலக்கடலையை நிரப்பி வைத்தார். மூன்றாம் வாரத்தில் வெறும் பாலே இனித்தது. கேழ்வரகுக் கூழில் நான் சிறுவயதில் அறிந்து மறந்துபோன ஓர் இன்சுவை மீண்டது. உயிர்ப்பு ஞாயிறன்று அன்பர் ஒருவர் கொணர்ந்த கேக்கு தொண்டையில் திகட்டியது.

இதை இறையருளின் வெற்றியென்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் பாஸ்கா எண்கிழமை முடியுமுன்னே பழைய குவளைகள் திரும்பிவிட்டன. மே மாதத்தில் மாம்பழச் சாற்றுக்கும் சர்க்கரை கேட்டேன்!

அறிவியலார் கண்டதும் ஏறக்குறைய இதுவே. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் மூன்று மாதம் தம் சர்க்கரையை 40 விழுக்காடு குறைத்தனர். அதே இனிப்புப் பண்டம் அவர்கள் நாவுக்கு முன்னிலும் மிகுதியாய் இனித்தது. ஆயினும் இனிப்பின்மேல் விருப்பம் குறையவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் பழைய அளவுக்கே திரும்பினர். ஆகவே நாவு திருந்திவிட்டது, இனி அதுவே நம்மைக் காக்கும் என நம்பியிருத்தல் பிழை. கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதே பெரிது. என்னைக் காத்தது என் மனவுறுதியைவிட அந்தக் கடலை டப்பாவே.

குழந்தைகள் காரியத்தில் இது இன்னும் கனமான செய்தி. இங்கிலாந்தில் போர்க்காலத்தில், 1940-இல் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அப்பங்கீட்டின்கீழ் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்ததென 2024-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நமக்கும் நியாயவிலைக் கடையில் பங்கீடு உண்டு: தலைக்கு அரைக் கிலோ, குடும்ப அட்டைக்கு மிஞ்சினால் இரண்டு கிலோ. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 17 கிராமுக்கும் குறைவே. அதோடு நின்றால் குறையொன்றுமில்லை. தொழிற்சாலை இரவு வேலை முடித்துப் பேருந்தில் வந்திறங்கும் தந்தை, பிள்ளைகள் முகம் பார்க்காத ஏக்கத்தைப் பேக்கரிப் பொட்டலத்தால் ஈடுசெய்கிறார். வண்ணப் பானப் புட்டியும் உடன் வருகிறது. அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டுகள் மிட்டாய் வழங்கி வந்தவன் நானே.

இப்பொழுது அவித்த கடலையும் கொய்யாத் துண்டும் கொடுக்கிறோம். முதல் ஞாயிறன்று பிள்ளைகள் முணுமுணுத்தனர். ஒரு சிறுவன், 'இன்றைக்கும் தவக்காலமா, சாமி?' என்று கேட்டே விட்டான். அடுத்த மாதத்தில் கடலைத் தட்டு காலியாகவே திரும்பியது.

வீடு சந்திப்பில் சர்க்கரையில்லாத தேநீரை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒரு பாட்டியார் மட்டும் மனம் ஒப்பாமல், குவளைக்கு அருகே சிறு கிண்ணத்தில் சர்க்கரையைத் தனியே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைத் தொடாமல் எழுந்து வருவது இன்றும் எனக்கு எளிதாயில்லை.