நோயின் வேரைத் தேடிய மருத்துவர்கள்

தமிழ்நாட்டில் கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்குகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கான உதவித்தொகைத் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியுள்ளது. இவ்விருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், தேவதாசி முறை என்னும் ஒரே கொடுமையை, ஒருவர் சட்டமன்றத்திலும் மற்றவர் ஊர் மேடைகளிலும் நின்று எதிர்த்தவர்கள் என்பதை அத்திட்டங்களின் படிவங்களை நிரப்புவோரில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. முத்துலட்சுமியைப் பற்றிப் பாடநூல்களிலும் நினைவுக் கட்டுரைகளிலும் தரப்படும் செய்தி பெரும்பாலும் 'முதல் பெண்' என்னும் பட்டியலோடு நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலிலும் பிழை உண்டு. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று அவரைச் சிலர் குறிப்பிட்டாலும், அவர் பிறந்த 1886ஆம் ஆண்டிலேயே ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியும் 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. அவருடைய பெருமை அந்த வரிசை எண்ணில் இல்லை. ஒரு பெண்ணின் நோயைப் பார்க்கும்போது அந்நோய்க்குப் பின்னால் நிற்கும் வழக்கத்தையும் சட்டத்தையும் சேர்த்தே பார்த்து, மருந்தால் தீராததைச் சட்டத்தாலும் சட்டத்தால் தீராததை நிறுவனத்தாலும் தீர்க்க முயன்றதில்தான் அது இருக்கிறது.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் பணியாற்றிய கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவே அவருக்குக் கதவைத் திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்பான மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தமது பணிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்னும் நிபந்தனைகளை முன்வைத்து, அவை ஏற்கப்பட்ட பின்னரே திருமணத்துக்கு இசைந்தார். திருமணத்தைப் பெண்ணின் தவிர்க்க முடியாத விதியாகக் கருதிய சமூகத்தில் இது எளிய செயலன்று. பின்னாளில் அவர் மேற்கொண்ட பொதுப்பணி அனைத்துக்கும் அந்த இல்லறம் அரணாகவே அமைந்தது.

மகப்பேற்று மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டுகள் அவருக்கு மருத்துவத்தின் எல்லையைக் காட்டின. உடல் முதிருமுன் மணமுடிக்கப்பட்டுப் பிள்ளைப்பேற்றில் துன்புற்ற சிறுமிகளும், ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கி நோயை முற்றவிட்ட பெண்களும், பால்வினை நோயைக் கணவரிடமிருந்து பெற்று அதன் காரணமே அறியாதிருந்த மனைவியரும் அக்கால மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு மருந்து கொடுத்து அதே வீட்டுக்கும் அதே வழக்கத்துக்கும் திருப்பி அனுப்புவது அரைகுறைச் சிகிச்சையே. இந்தத் தெளிவு வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், 1923இல், அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தொடக்கத்தில் சரியாகக் கண்டறியப்படாமல் காலம் கடந்துபோனதே அந்த இழப்பின் கொடுமையைக் கூட்டியது. 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது, பெண்கள், குழந்தைகள் நோய்களோடு புற்றுநோயைப் பற்றியும் அவர் கற்றார்.

சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது; சட்டமன்றத்தில் உறுப்பினராகும் வாய்ப்பு 1926இல்தான் வந்தது. அடையாற்றில் 1917இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் இவ்வுரிமைகளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துவந்தது. அச்சங்கத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த முத்துலட்சுமி, மாகாணத்தின் ஒரே சட்டமன்றமாக அக்காலத்தில் இயங்கிய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நன்கு நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டு அரசியலுக்கு வர அவர் முதலில் தயங்கினார். வந்த பிறகு அந்த இருக்கையின் ஒவ்வொரு வாய்ப்பையும் பயன்படுத்தினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, திருமண வயதை உயர்த்துதல், விபசார விடுதிகளை ஒடுக்குதல் எனப் பலவற்றுக்காக அவர் அவையில் வாதாடினார் என்றாலும், அவர் பெயரோடு பிரிக்க முடியாதவாறு இணைந்தது தேவதாசி முறை ஒழிப்பே.

தேவதாசி முறை என்பது ஒரு சிறுமிக்குக் கோயிலில் பொட்டுக்கட்டி, அதாவது தெய்வத்துக்கு மனைவியாக்கும் சடங்காகத் தாலி போன்ற அடையாளத்தைக் கழுத்தில் அணிவித்து, அவளைக் கோயில் பணிக்கு உரியவளாக்கும் வழக்கம். அவள் மனிதர் எவரையும் மணக்க இயலாது. ஆடலும் பாடலும் கற்று, வழிபாட்டிலும் விழாக்களிலும் பங்கேற்பாள். நடைமுறையில் செல்வர்களின் துணைவியாக வாழும் நிலையே பலருக்கும் வாய்த்தது. வறுமையில் வீழ்ந்தவர்களின் நிலை அதனினும் கொடியது. ஆயினும் இம்முறையைத் தாங்கி நின்றது பக்தி மட்டுமே என்று கொள்வது தவறாகும். கோயிலில் பணிபுரியும் தாசிக்கு மானிய நிலம் இருந்தது. மானியம் என்பது பணிக்கு ஈடாக ஒரு நிலத்தின் வருவாயை அனுபவிக்கும் உரிமை. பணி நின்றால் உரிமையும் போய்விடும். எனவே, தாய்க்கு வயதாகும்போது குடும்பத்தின் பிழைப்பைக் காக்க வேண்டுமானால் மகளுக்கோ வளர்ப்பு மகளுக்கோ பொட்டுக்கட்டியே தீர வேண்டும் என்னும் கட்டாயம் அந்த நிலத்துக்குள்ளேயே பொதிந்திருந்தது.

இந்த முடிச்சை முத்துலட்சுமி சரியாகக் கண்டார் என்பதே அவருடைய சட்டப்பணியின் மிகச் சிறந்த கூறு எனலாம். 1927இல் பொட்டுக்கட்டுதலை நிறுத்த வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் அவர் முயற்சியால் செய்யப்பட்ட திருத்தம், மானிய நிலத்தைக் கோயில் பணி என்னும் நிபந்தனையிலிருந்து விடுவித்தது. இதனால் நிலத்தை அனுபவித்துவந்த பெண் அதை இழக்காமலே பணியிலிருந்து விலகலாம். அடுத்த தலைமுறைப் பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிட வேண்டிய தேவையும் இல்லை. தண்டனையை முன்னே நிறுத்தாமல் வாழ்வாதாரத்தை முதலில் உறுதிசெய்த இந்த வரிசை, சீர்திருத்தச் சட்டம் இயற்றுவோர் இன்றும் படித்தறிய வேண்டிய ஒன்று. பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் மசோதாவை 1930இல் அவர் முன்வைத்தார். ஆனால் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவ்வாண்டே தம் பதவியைத் துறந்ததால், அம்மசோதா நிறைவேறுவதை உறுப்பினராக இருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

எதிர்ப்பு வைதிகர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் சமயத்தையும் கலையையும் காரணம் காட்டி எதிர்த்தனர் என்பது பலரும் அறிந்தது. தேவதாசியர் தாமே சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனு அளித்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்களுள் முன்னணியில் நின்றவர், திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குத் தம் செல்வத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய இசைவாணி பெங்களூர் நாகரத்தினம்மாள். தங்கள் மரபைச் சேர்ந்த பெண்களுக்குப் பிற பெண்களுக்கு இல்லாத கல்வியும் சொத்துரிமையும் இருந்தன என்பதும், சிலருடைய சீரழிவைக் காட்டி ஒரு மரபு முழுவதையும் விபசாரம் என்று முத்திரை குத்துவது அநீதி என்பதும் அவர்கள் தரப்பு வாதம். இவ்வாதத்தில் உண்மை இருந்தது. சீர்திருத்த மேடைகளில் ஒலித்த கடுமையான மொழி, கோயிலை விட்டு வெளியேறிய பெண்களைக் கலையிலிருந்தும் மரியாதையிலிருந்தும் ஒருசேர அகற்றியதையும், அவர்கள் காத்துவந்த சதிர் ஆட்டம் பரதநாட்டியம் என்னும் பெயரில் பிறர் மேடைகளில் புகழ்பெற்றதையும் வரலாறு பதிவு செய்துள்ளது. எனினும் விவரம் அறியாத வயதில் ஒரு சிறுமியின் கழுத்தில் பொட்டுக்கட்டி அவளது வாழ்நாள் முழுவதையும் பிறர் முடிவுசெய்யும் வழக்கத்துக்கு நாகரத்தினம்மாளின் கலைமேன்மை விடையாகாது. முத்துலட்சுமியின் தாய்வழி மரபு அவருக்கு இதைப் புத்தகம் வழியாக அன்றி இரத்த உறவு வழியாகவே கற்பித்திருந்தது.

அதே மரபுக்குள் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், சட்டமன்றத்துக்கு வெளியே இப்போராட்டத்தை நடத்தினார். தஞ்சை வட்டார ஊர்களில் தேவதாசிக் குடும்பங்களிடையே பரப்புரை செய்து, பெண்களைத் திருமண வாழ்வுக்கு வரத் தூண்டி, முதலில் காங்கிரசிலும் பின்னர் சுயமரியாதை இயக்கத்திலும் நின்று பணியாற்றிய அவர், 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலை வெளியிட்டார். ஆங்கிலம் படித்த மருத்துவர் அவையில் முன்வைத்த வாதத்தை, அவர் எளிய தமிழில் பாதிக்கப்பட்டோரின் வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றார். இவ்விரண்டு பணிகளில் ஒன்று இல்லையேல் மற்றொன்று பாதியில் நின்றிருக்கும்.

சட்டத்தால் விடுவிக்கப்படும் பெண் எங்கே போவாள் என்னும் கேள்விக்கு அவை நடவடிக்கைகளில் விடையில்லை. பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பிவந்த இளம்பெண்கள் சிலருக்கு, அவர்கள் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி விடுதிகள் இடம் மறுத்தபோது, முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் உருவானது இவ்வாறுதான். பின்னர் அடையாறு பகுதியில் நிலைபெற்ற அவ்வில்லம், ஆதரவற்ற சிறுமிகளுக்குச் சோறும் தங்குமிடமும் தருவதோடு நிற்காமல், பள்ளிக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் கொடுத்துச் சொந்தக் காலில் நிற்கும்படி அவர்களை ஆக்கியது. சாதி பாராமல் அனைவரும் சேர்ந்து உண்டு படித்த அந்த இல்லம் இன்றும் பள்ளிகளோடு இயங்கிவருகிறது.

தங்கையின் மரணம் விட்டுச்சென்ற கடமை இன்னும் மிஞ்சியிருந்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி பேசினார். புற்றுநோய் என்றால் சாவு என்றே மக்கள் மட்டுமன்றி மருத்துவர்களிலும் பலர் கருதிய காலம் அது. பிழைக்காதவருக்கு மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணமே அரசு மட்டத்தில் முதல் தடையாக நின்றது. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சிறுகச் சிறுகத் திரட்டப்பட்ட நன்கொடையைக் கொண்டு, 1952இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்றார்.

அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்தவர் வி. சாந்தா. 1927இல் சென்னையில் பிறந்து, மகப்பேறு மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்து, அரசு மருத்துவமனையில் உறுதியான பதவி காத்திருந்த நிலையில், பெயரும் வசதியும் இல்லாத ஒரு சிறு மருத்துவமனையை அவர் தேர்ந்தெடுத்ததைச் சுற்றியிருந்தோர் ஏற்கவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல், மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கே பணியாற்றினார். 1950களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து அந்நிலையத்துக்கு வந்த கோபால்ட் 60 கருவி, அதாவது கதிரியக்கத் தனிமத்திலிருந்து வெளிப்படும் கதிர்களை உடலின் உட்பகுதியிலுள்ள கட்டியின் மீது செலுத்தும் கருவி, இந்தியாவில் நிறுவப்பட்ட தொடக்கக் கருவிகளுள் ஒன்றாகும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றையும் நோயாளிக்கேற்ப இணைத்துத் தரும் கூட்டுச் சிகிச்சையைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அங்கே வளர்த்தெடுத்தனர். குழந்தைகளின் புற்றுநோய்க்குத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. புற்றுநோய் மருத்துவத்தில் உயர்சிறப்புப் படிப்புகளும் பின்னர் வந்தன. பணம் இல்லை என்பதற்காக எவரும் திரும்பக் கூடாது என்னும் கொள்கையை, விலையுயர்ந்த மருந்துகளும் கருவிகளும் பெருகிய பிற்காலத்திலும் சாந்தா விட்டுக்கொடுக்கவில்லை. 2005இல் மகசேசே விருதும் பின்னர் பத்ம விபூஷணும் பெற்ற அவர், 2021 ஜனவரி 19ஆம் நாள், 93ஆம் வயதில் மறைந்தார். முத்துலட்சுமி 1968ஆம் ஆண்டிலேயே காலமாகியிருந்தார்.

சிகிச்சையைப் போல அதிகம் பேசப்படாத ஒரு பணி, 1980களின் தொடக்கத்தில் அந்நிலையம் சென்னையில் தொடங்கிய மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு. மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணாமல், ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் வாழ்வோருள் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது என்பதை எல்லா மருத்துவமனைகளிலும் இறப்புப் பதிவுகளிலும் தேடித் தொகுப்பது இதன் முறை. சென்னைப் பெண்களிடையே தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய் என்பதும், பின்னர் அது குறைந்து மார்பகப் புற்றுநோய் முன்னே வந்தது என்பதும் இத்தகைய பதிவினாலேயே உறுதியாயிற்று. கருப்பைவாய்ப் புற்றுநோய் பல ஆண்டுகள் மெல்ல வளர்வது; புற்றாகுமுன்பே கண்டறிந்தால் எளிய சிகிச்சையால் முழுமையாக நீக்கக்கூடியது. அதற்கான பரிசோதனை இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி நிறமாற்றத்தைப் பார்க்கும் அம்முறைக்குப் பயிற்சி பெற்ற செவிலியரே போதும். சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். அதற்கு வராமல் பெண்களைத் தடுப்பவை வெட்கமும், வீட்டு வேலையும், தனக்கென்று ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்னும் எண்ணமுமே. நூறாண்டுகளுக்கு முன் மகப்பேற்று அறையில் முத்துலட்சுமி கண்ட தடைகளும் இவையே. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் தன் பகுதியிலுள்ள சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம்.