போனுக்குப் புரியாத திதி

செல்போன்களும் கம்ப்யூட்டர்களும் தேதிகளைப் பரிமாறிக்கொள்ள 1998-லேயே ஒரு பொது மொழி வந்துவிட்டது. எந்தத் தேதியைப் பரிமாறிக்கொள்வது என்பதில்தான் இந்தியாவில் சிக்கல்.

செப்டம்பர் 2023-ல் மும்பைக்கு ஒரு தர்மசங்கடம். 28-ஆம் தேதி வியாழக்கிழமை அனந்த சதுர்த்தசி. வீதிகளில் கொலுவிருந்த பிள்ளையார்கள் கடலுக்குப் போகும் நாள். மிலாது நபியும் அன்றுதான். இரண்டு ஊர்வலங்கள், அதே தெருக்கள். முஸ்லிம் அமைப்புகள் தங்கள் ஊர்வலத்தை மறுநாளைக்குத் தள்ளிவைக்க முன்வந்தன. மகாராஷ்டிர அரசும் கடைசி நேரத்தில் மிலாது நபி விடுமுறையை 29-ஆம் தேதிக்கு மாற்றியது. போலீசுக்கு நிம்மதி.

போன்கள் விஷயம் வேறு. அந்த ஆண்டு ஜனவரியில் விடுமுறைப் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டவரின் போனில் மிலாது நபி கடைசிவரை 28-தான். வேறு யாரோ பராமரிக்கும் பட்டியலை நம்பியிருந்தவர், அந்த யாரோ திருத்தும் வரை காத்திருக்க வேண்டும். அலுவலகத்தின் பொதுக் கேலண்டரில் இணைந்திருந்தவருக்கோ, அங்கே ஒருவர் தேதியை மாற்றினால் அடுத்த சில நிமிடங்களில் தன் போனிலும் மாறிவிடும். ஒரே வீட்டில் மூன்று போன்கள் இருந்தால் மூன்றும் மூன்று விதமாகச் சொல்லக்கூடிய நிலை.

இதில் எந்தப் போனும் கெட்டுப்போகவில்லை. 'சிங்க்' என்று எல்லோரும் சொல்லும் ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது வெறும் ஜெராக்ஸ். 'இம்போர்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் பட்டியலின் பிரதி வந்து சேரும். மூலத்தில் பிறகு என்ன மாறினாலும் பிரதிக்குத் தெரியாது. இரண்டாவது பத்திரிகைச் சந்தா மாதிரி. ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டால் ஆப் அவ்வப்போது அங்கே போய்ப் புதிய இதழைக் கொண்டுவரும். படிக்கலாம், திருத்த முடியாது. 'அவ்வப்போது' என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மாற்றம் வந்து சேர 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே எச்சரிக்கிறது. அவுட்லுக்கில் ஒரு நாளைத் தாண்டுவதும் உண்டு. காலை பத்து மணிக் கூட்டத்தை எட்டு மணிக்கு ஒத்திவைக்கிறவர்கள் இந்த வழியை நம்பினால் வம்பு. மூன்றாவதுதான் அசல் சிங்க். வீட்டுக் கணக்கு நோட்டைப் போல ஒன்றே ஒன்று சர்வரில் இருக்கும். போன், லேப்டாப், மனைவியின் போன் எல்லாம் அதே நோட்டைத் திறந்து படிக்கும், எழுதும்.

இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் முதலில் இம்போர்ட் செய்வார்கள். தேதி மாறவில்லையே என்று பிறகு சந்தாவும் சேர்ப்பார்கள். அதன் பலன், ஒரே மாதத்தில் இரண்டு தீபாவளி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தனி அடையாளக் குறி உண்டு. ஆனால் ஜெராக்ஸ் ஒரு கேலண்டரிலும் சந்தா இன்னொரு கேலண்டரிலும் உட்கார்ந்திருக்கும்போது ஆப் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில்லை. எரிச்சலில் ஒன்றை அழிக்கிறவர்கள் சரியானதை அழித்துவிட்டுப் பழையதை வைத்துக்கொள்வதும் நடக்கிறது.

இதைவிட மோசமான விபத்து ஒன்று சத்தமில்லாமல் நடக்கும். சில போன்கள், வேறு கணக்கைத் தேர்ந்தெடுக்காதவரை, எழுதுவதையெல்லாம் அந்தக் கருவிக்குள் மட்டுமே சேமித்துவைக்கும். எந்த சர்வருக்கும் போகாது. போன் ரயிலில் தொலைந்தால் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பாலிசி கெடு, பேரனின் தடுப்பூசித் தேதி எல்லாம் அதோடு போயிற்று. புதிதாக எழுதும்போது 'எந்தக் கேலண்டரில்' என்று ஆப் காட்டும் சின்ன வரியை ஒருமுறை பார்த்துவிடுவது அந்த இழப்பைத் தவிர்க்கும்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் பாம் பைலட்டை அதன் தொட்டிலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால்தான் கம்ப்யூட்டரோடு பேசும். 1996-ல் ஆப்பிள், ஐ.பி.எம்., ஏ.டி. அண்டு டி., சீமன்ஸ் சேர்ந்த 'வெர்சிட்' கூட்டணி 'வி-கேலண்டர்' என்ற வடிவத்தை உருவாக்கியது. அதிலிருந்து 1998 நவம்பரில் 'ஐ-கேலண்டர்' என்ற பொதுத் தரம் பிறந்தது. எழுதியவர்களில் ஒருவர் லோட்டஸ்காரர், மற்றவர் மைக்ரோசாஃப்ட்காரர். சந்தையில் பரம எதிரிகளாக இருந்த இரு நிறுவனங்கள் ஒரு தாளில் கையெழுத்திட்டது சாதாரண விஷயமல்ல. இருவழியில் எழுத உதவும் 'கால்-டாவ்' 2007-ல் வந்தது. ஐ-கேலண்டர் 2009-ல் திருத்தப்பட்டது. இன்று ஆப்பிளும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் ஒருவர் அனுப்பும் அழைப்பை மற்றவர் புரிந்துகொள்வது இந்த அடித்தளத்தால்தான்.

இந்த மொழியின் சாமர்த்தியம் 'மீண்டும் மீண்டும்' என்ற விதியில் இருக்கிறது. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. ஒரே வரி விதியில் இதை எழுதிவிடலாம். எத்தனை ஆண்டு போனாலும் தப்பாது. நேரத்தையும் அது ஊர்ப் பெயரோடு எழுதும். இந்திய நேரத்துக்கு அடையாளம் 'ஆசியா / கொல்கத்தா'. (இன்னமும் 'கல்கத்தா' என்றே எழுதும் சாஃப்ட்வேர்களும் உண்டு.) 'நாள் முழுதும்' என்று குறிக்க வேண்டிய பிறந்த நாளை நள்ளிரவு 12 முதல் நள்ளிரவு 12 வரை என்று எழுதிவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறினால், அங்கே அது முந்தைய நாள் இரவு 10.30-க்கே தொடங்கிவிடும். கணக்கு சரி, எழுதியவிதம்தான் தப்பு.

ஆனால் அப்பாவின் திதியை எப்படி எழுதுவது? ஐப்பசி மாதத் தேய்பிறைத் திருதியை என்பது எந்த ஆங்கிலத் தேதியிலும் நிலையாக உட்காராது. ஒரு திதியின் நீளமே ஏறத்தாழ 19 மணியிலிருந்து 26 மணி வரை மாறும். எந்த ஊரில் எத்தனை மணிக்குச் சூரியன் உதிக்கிறது, வாக்கியமா திருக்கணிதமா என்பதைப் பொறுத்து நாளும் மாறலாம். ஒரே தமிழ் மாதத்தில் அதே திதி இரண்டு முறை வருவதும் உண்டு.

இது வீட்டுச் சடங்குகளோடு நிற்கும் பிரச்சினையல்ல. குரு கோவிந்த் சிங்கின் பிறந்த நாள் 2022-ல் ஜனவரி 9-லும் டிசம்பர் 29-லுமாக இரண்டு முறை வந்தது. 2023-ல் வரவேயில்லை. அடுத்தது 2024 ஜனவரி 17. 'ஆண்டுக்கு ஒருமுறை' என்று மட்டுமே தெரிந்த இயந்திரம் இதற்கு என்ன செய்யும்? 2024 ஏப்ரலில் கேரளமும் ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் 10-ஆம் தேதி ரம்ஜான் கொண்டாடின. நாட்டின் மற்ற பகுதிகள் 11-ஆம் தேதி. பிறை தெரிவதைப் பொறுத்த விஷயம் இது. கூகுளின் இந்திய விடுமுறைப் பட்டியல் இஸ்லாமியப் பண்டிகைகளுக்குப் பக்கத்தில் 'உத்தேசம்' என்று போடுவது நேர்மையான காரியம். அதே ஆண்டு தீபாவளிக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. அமாவாசை அக்டோபர் 31 மாலைக்கு முன் தொடங்கி நவம்பர் 1 மாலை வரை நீடித்ததால் லட்சுமி பூஜை எந்த நாளில் என்று வட மாநிலப் பண்டிதர்கள் இரண்டு கட்சியானார்கள். எல்லைக்கு இரு பக்கமும் வங்காளிகள்தான், ஆனால் பொய்லா பொய்சாக் டாக்காவில் ஏப்ரல் 14, கொல்கத்தாவில் பெரும்பாலும் 15.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க செல்போன் காலத்துக்கு வெகுமுன்பே இந்தியா ஒரு முயற்சி செய்தது. 1952-ல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, இயற்பியலாளர் மேக்நாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் கமிட்டியை அமைத்தது. நாட்டில் அப்போது சுமார் 30 நாட்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே மைய இடம், அதன் ஒரே சூரிய உதயம், நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு என்பது கமிட்டியின் யோசனை. கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் எல்லோருக்கும் ஒரே சர்வர். அறிக்கை 1955-ல் வந்தது. சாஹா 1956-ல் காலமானார். தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 அன்று, சக வருடம் 1879 சைத்ர மாதம் முதல் தேதியாக அமலுக்கு வந்தது. அரசிதழிலும் வானொலிச் செய்தியிலும் அது இடம்பிடித்தது. வானிலைத் துறையின் கீழ் உள்ள கொல்கத்தா மையம் 'ராஷ்டிரிய பஞ்சாங்' என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற வீடுகளோ தங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தை விடவில்லை.

வேடிக்கை அதற்கப்புறம்தான். 2015 மே மாதம் ஐ-கேலண்டர் தரத்தில் ஒரு கதவு திறந்தது. ஆங்கில நாட்காட்டி அல்லாத கணக்குகளிலும் 'மீண்டும் மீண்டும்' விதி எழுதலாம் என்று ஒரு துணைத் தரம் வந்தது. சீனப் புத்தாண்டை ஒரே வரியில் எழுதலாம். யூதர்களின் அதிக மாதத்தில் பிறந்தவருக்கும் பிறந்த நாள் தவறாது. எந்தெந்த நாட்காட்டிகள் என்பதற்கு அது யூனிகோடு பட்டியலைக் கைகாட்டியது. அந்தப் பட்டியலில் 'இந்தியன்' என்ற பெயரில் இருந்தது எது? சாஹா கமிட்டியின் சக நாட்காட்டி! குடும்பங்கள் கையாளாத ஒன்றுக்கு இயந்திரத்தில் இடம் கிடைத்தது, திதிக்குக் கிடைக்கவில்லை. பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்வதும் நியாயமல்ல. அரசு அங்கீகரித்த, தெளிவான விதிகளுள்ள நாட்காட்டி அது ஒன்றுதான்.

தேதிக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டாவது நாட்காட்டியைக் காட்டும் ஆப்கள் உண்டு. காட்டுவது வேறு, அந்தக் கணக்குப்படி ஆண்டுதோறும் நினைவூட்டுவது வேறு. பஞ்சாங்க ஆப்கள் திதியைத் துல்லியமாகக் கணக்கிடுகின்றன. அவற்றிலிருந்து குடும்பத்தின் பொதுக் கேலண்டருக்கு அந்த நாள் தானாக வந்து சேர்வதுதான் அபூர்வம்.

ஆகவே மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது கைவேலை. சித்திரையில் புதிய பஞ்சாங்கம் வந்ததும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அமாவாசைகள், திதிகள், ஊர்த் திருவிழா என்று ஓராண்டுக்கான தேதிகளைப் பொதுக் கேலண்டரில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் 'நாள் முழுதும்' என்று குறித்து, ஒரு வாரம் முன்பே மணியடிக்கச் சொல்லிவிட்டால் புனேயில் இருக்கும் மகனுக்கும் ஹைதராபாத்தில் இருக்கும் மகளுக்கும் அதே நாள் தெரியும், சிராத்தத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்க அவகாசம் இருக்கும். போன ஆண்டுப் பதிவையே 'ஆண்டுதோறும்' என்று நீட்டிவிடும் குறுக்குவழி மட்டும் கூடாது. 2025-ல் அக்டோபர் 20-ல் வந்த தீபாவளி, இடையில் ஜ்யேஷ்டத்தில் ஓர் அதிக மாதம் புகுந்துகொள்வதால், 2026-ல் நவம்பர் 8.