தட்டிய எழுத்து ஏன் மறைந்தது?
கம்ப்யூட்டர் திரைக்கும் வந்தது 'டோக்கன்' முறை!

"சேட்டா, நம்பர் போயல்லோ!"

தேவராவில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்து கொடுக்கும் சிறு கடை ஒன்றில், 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடிக்கடி கேட்ட குரல் இது. கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். தமிழர்களுக்கு அவர் 'அண்ணாச்சி', மலையாளிகளுக்குச் 'சேட்டன்'.

ஆதார் எண்ணை அவர் தட்டத் தட்ட, திரையில் வந்த இலக்கம் கண் எதிரே மறையும். அடுத்த இலக்கத்தைத் தட்டினால் போனது திரும்பி வரும். விழவில்லையோ என்று மறுபடி தட்டிவிட்டால் இரண்டாக நிற்கும்! 12 இலக்கத்தில் ஒன்று பிசகினாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். பென்ஷனுக்கு வந்த முதியவர் இன்னொரு நாள் பஸ் ஏறி வர வேண்டும்.

கீபோர்டை மாற்றினார். கேபிளை மாற்றினார். பலனில்லை. நோய் இருந்த இடம் வேறு.

கேரளமும் லினக்ஸும்

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ். கேரளத்துக்கு அது புதிதல்ல. 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் இந்திய அமைப்பைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் லினக்ஸைப் பாடமாகவே ஆக்கியது. 2017-ல் அது 'கைட்' என்ற நிறுவனமாயிற்று. அண்ணாச்சியின் மகனும் அந்தப் பாடம் படித்தவன். காசு கொடுக்காமல் கிடைக்கிறதே என்று கடையில் போட்டுக் கொடுத்தவனும் அவனே. குறை சொல்லவும் முடியாமல், விடவும் முடியாமல் தகப்பனார் தவித்தார்.

வரைந்து முடிக்காத படம்

திரையில் தெரியும் ஒவ்வொரு ஜன்னலையும் அந்தந்த புரோகிராம் ஒரு தாளில் வரைவதுபோல் வரைகிறது. வரைகிற கை, கிராபிக்ஸ் கார்டு. அதை வேலை வாங்குகிற மென்பொருளுக்குப் பெயர் டிரைவர் (ரயில் ஓட்டுகிற டிரைவர் அல்ல). எல்லாத் தாள்களையும் வாங்கி அடுக்கித் திரையில் காட்ட ஒரு மேஸ்திரி உண்டு. 2008-ல் தொடங்கிய 'வேலேண்ட்' என்ற புதிய ஏற்பாட்டில் இந்த மேஸ்திரிக்கே முழுப் பொறுப்பு. 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த 'எக்ஸ்' என்ற பழைய ஏற்பாட்டின் இடத்துக்கு வந்தது இது. எக்ஸுக்காக எழுதிய புரோகிராம்கள் புதிய வீட்டில் 'எக்ஸ்வேலேண்ட்' என்ற துபாஷியை வைத்துக்கொண்டு பேசுகின்றன.

சிக்கல் இதுதான்: புரோகிராம் தாளை மேஸ்திரியிடம் நீட்டும்போது, கார்டு இன்னும் வரைந்து முடித்திருக்காது. முடிந்ததா என்று மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்?

பழைய வழக்கம், கூட்ஸ் வண்டியில் சீட்டு ஒட்டுவது போன்றது. 'சரக்கு ஏற்றி முடியவில்லை' என்று தாளின் மீதே லினக்ஸின் மையப்பகுதி குறித்து வைக்கும். எல்லா டிரைவர்களும் அதைப் பார்த்துக் காத்திருக்கும். இன்டெல், ஏ.எம்.டி. கார்டுகள் இப்படித்தான் வண்டி ஓட்டின. என்விடியாவின் சொந்த டிரைவர் மட்டும் அந்தச் சீட்டை ஒட்டுவதுமில்லை, படிப்பதுமில்லை. ஆகவே மேஸ்திரி அரைகுறைத் தாளையோ முந்தைய தாளையோ எடுத்துக் காட்டிவிடுவான். துபாஷி வழியாக வந்த புரோகிராம்களில் இந்தத் தொல்லை அதிகம். இணையம் பார்க்கும் குரோம் அப்போது வழக்கமாக அந்த வழியில்தான் வந்தது. எண் மறைந்த மர்மம் அதுதான்.

யார் பக்கம் நியாயம்?

"சீட்டு முறை பழையது, வேகத்தைக் கெடுக்கும்" என்றது என்விடியா. "எல்லாரும் ஒட்டுகிற சீட்டை நீங்களும் ஒட்டினால் என்ன?" என்றார்கள் மற்றவர்கள். இரு தரப்புக்கும் பகை பழையது. 2012-ல் பின்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவை அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் ஏசியது ஊரறிந்த கதை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்விடியா சொன்னதில் உண்மை இருந்தது. ஆண்ட்ராய்டு போன்கள் முன்பே வெளிப்படையான முறைக்குப் போய்விட்டன. அதற்காக வாடிக்கையாளரை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்தது சரி என்று ஆகிவிடாது.

கடைசியில் வந்த தீர்வு, ஒற்றைப் பாதையில் டோக்கன் கொடுப்பது போன்றது. டோக்கன் கைக்கு வராமல் வண்டி நகராது. புரோகிராம் தாளோடு ஒரு டோக்கனையும் கொடுக்கும்: 'இந்த இடம் வரும்வரை எடுக்காதே.' மேஸ்திரியும் பதிலுக்குச் சொல்வான்: 'நான் காட்டி முடிக்கும்வரை இதே தாளில் மறுபடி வரையாதே.'

இதற்கான விதி 2024 மார்ச்சில் வேலேண்டில் சேர்ந்தது. ஏப்ரலில் க்னோம் 46.1, மே மாதம் எக்ஸ்வேலேண்ட் 24.1, ஜூனில் கே.டி.இ. பிளாஸ்மா 6.1 ஆகியவை ஏற்றன. என்விடியா மே மாதம் 555 டிரைவரைச் சோதனைப் பதிப்பாக வெளியிட்டது. முழுப் பதிப்பு ஜூனில் வந்தது. நாலும் கூடினால்தான் பலன். ஒன்று பழையதாக இருந்தாலும் கதை பழைய கதைதான்.

தேவராக் கடையில் மகன் எல்லாவற்றையும் புதுப்பித்த பிறகு எண்கள் நின்ற இடத்தில் நின்றன.

பழைய கார்டு வாங்குவோர் கவனத்துக்கு

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததால், பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட நம்மவர் பலர் யோசிக்கிறார்கள். கார்டின் எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஜிடி 710, 730 கார்டுகளில் பெரும்பாலானவை 'கெப்ளர்' வகை. அவற்றுக்கான என்விடியா டிரைவர் 470-உடன் நின்றுவிட்டது. டோக்கன் முறை அவற்றுக்கு எட்டாது. ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 போன்றவை 580 வரிசை வரை வரும். ஆகவே அவற்றில் டோக்கன் உண்டு.

பழைய எக்ஸுக்கே திரும்பலாமே என்றால், அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. உபுண்டு 25.10-ல் க்னோமின் எக்ஸ் வழி எடுக்கப்பட்டுவிட்டது. பிளாஸ்மா 6.8-லிருந்து வேலேண்ட் மட்டுமே என்று 2025 நவம்பரில் கே.டி.இ.யும் அறிவித்தது.

பத்திரிகை அச்சடிக்கவும் படிவம் நிரப்பவும் தனிக் கார்டே வேண்டியதில்லை. பெரும்பாலான இன்டெல் கம்ப்யூட்டர்களில் மதர்போர்டின் பின்புறமே மானிட்டர் கேபிள் செருகும் துளை இருக்கும். அடுத்த கம்ப்யூட்டர் வாங்கியபோது அண்ணாச்சி கார்டு கேட்கவே இல்லை.