பக்கவாதத்துக்குப் பிறகு நடை: ரோபோ கருவி அவசியமா?



"வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ரோபோ வைத்து நடக்கப் பழக்குகிறார்களாமே, நகையை விற்றாவது அனுப்பலாமா?" மருத்துவ உதவி கேட்டு வருவோர் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த விளக்கம்.

எக்ஸோஸ்கெலிட்டன் என்பது இடுப்பிலும் கால்களிலும் பட்டைகளால் கட்டும் சட்டகம். மூட்டுப் பகுதியிலுள்ள மோட்டார்கள் காலை எடுத்து வைக்க உதவும். ஸ்விட்சர்லாந்தின் லோகோமேட் ட்ரெட்மில் மீது நடக்க வைப்பது. அமெரிக்காவின் எக்ஸோ தரையில் அணிந்து நடப்பது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனமும் ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி ரோபோவைத் தயாரிக்கிறது.

பிசியோதெரபிஸ்ட்டுகள் இதை வரவேற்கக் காரணம் உண்டு. நிற்கவே முடியாதவரை நடத்த இரண்டு மூன்று பேர் தாங்க வேண்டும். சிறிது நேரத்தில் அவர்களும் களைத்துவிடுவார்கள். கருவியில் விழும் பயமின்றி அதிக அடிகள் நடக்கலாம்.

அவர்கள் சொல்லும் குறைகளும் உண்டு. கட்டி, அளவு சரிசெய்யவே நேரம் போய்விடும். கால் இறுகி மடங்கியவர், தோலில் புண் உள்ளவர், எலும்பு மிகவும் பலவீனமானவர் போன்றோருக்கு இது ஒத்துவராது. முக்கியமாக, எல்லாவற்றையும் கருவியே செய்தால் நோயாளி சும்மா இருந்துவிடுவார். அவரும் முயன்றால்தான் மூளை நடையைத் திரும்பக் கற்கும்.

கொக்ரேன் ஆய்வு அமைப்பு 2020இல், இத்தகைய நடைக்கருவிகள் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பிசியோதெரபியுடன் சேர்த்துப் பயன்படுத்தும்போது, பிறர் துணையின்றி நடப்போர் எண்ணிக்கை கூடுகிறது. முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்போரும், நடக்கவே முடியாதோரும்தான் அதிகம் பயன்பெறுகிறார்கள்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: இவர் நிலைக்கு இது பொருந்துமா? எத்தனை அமர்வுகள், மொத்தச் செலவு என்ன? கையால் தரும் பயிற்சியும் தொடருமா? பெண் நோயாளி என்றால், பட்டை கட்டப் பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா?

கருவி கிடைக்கட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். டாக்டர் அனுமதித்ததும் சாதாரணப் பயிற்சியைத் தொடங்குங்கள். கட்டிலிலிருந்து எழுவது, வாசற்படி ஏறுவது, ஒளூச் செய்ய நிற்பது எல்லாம் வீட்டில்தான் பழக வேண்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

உதவி கோருவோர் பிசியோதெரபிஸ்ட்டின் பரிந்துரைக் கடிதத்தை மனுவுடன் இணைத்துத் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.

- செயலாளர்